விட்ச்கிராஃப்ட் பற்றிய முதல் புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

விட்ச்கிராஃப்ட் (மேற்கத்திய சூனியக் கலை) பற்றிப் படிக்கணும், எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒரே நேரத்தில் இரண்டு புத்தகம் எடுங்கள். ஒன்று, இதை எப்படிக் கடைப்பிடிக்கிறார்கள் என்று சொல்லித் தரும் செய்முறைப் புத்தகம். இன்னொன்று, இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்து எழுதிய வரலாற்றுப் புத்தகம். செய்முறையை மட்டும் படிப்பவர், அதன் முதல் அத்தியாயத்தில் வரும் கட்டுக்கதைகளை வரலாறு என்று நம்பிவிடுகிறார். வரலாற்றை மட்டும் படிப்பவருக்கோ, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இன்று இதை மதமாகவே ஏற்று வாழ்கிறவர்கள் என்ன செய்கிறார்கள், அதில் என்ன காண்கிறார்கள் என்பது கடைசிவரை பிடிபடுவதில்லை.

நான் இங்கே பேசுவது ஐரோப்பா, அமெரிக்கா சார்ந்த விட்ச்கிராஃப்ட் பற்றி. நம் ஊர் மாந்திரீகம், செய்வினை, பில்லி சூனியம் எல்லாம் வேறு உலகம், வேறு வரலாறு. இரண்டையும் ஒரே கூடையில் போட்டால் இரண்டுமே புரியாது.

படி 1: உங்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் தெளிவாகுங்கள்

இணையக் கடையில் இந்தச் சொல்லைப் போட்டுத் தேடினால், நிலாவும் மெழுகுவர்த்தியும் போட்ட அட்டைகள் வரிசையாக வந்து நிற்கும். அதில் நாலைந்து வெவ்வேறு துறைகள் கலந்து கிடக்கின்றன. 15ஆம் நூற்றாண்டிலிருந்து 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டி மனிதர்களைக் கொன்ற வரலாறு ஒரு துறை. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் உருவாகி வெளியே வந்த விக்கா என்ற புதிய மதம் இன்னொன்று. ஆப்பிரிக்காவிலும் பிற இடங்களிலும் சூனிய நம்பிக்கை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் மானுடவியல் மூன்றாவது. பழைய கிராமத்து வைத்தியர்கள், குறி சொல்கிறவர்கள், மந்திரச் சுவடிகள் பற்றிய ஆய்வு நான்காவது. இதெல்லாம் போக மூலிகை, படிகக் கல், குறி பார்க்கும் டாரோ சீட்டு என்று தனித்தனிக் கைப்புத்தகங்கள்.

இவற்றில் எது உங்களை இழுக்கிறது என்று ஒரு தாளில் ஒரே வரியில் எழுதுங்கள். "சேலம் சூனிய வழக்கில் உண்மையில் என்ன நடந்தது?" என்று எழுதுகிறவருக்கும் "நிலா வழிபாடு எப்படிச் செய்கிறார்கள்?" என்று எழுதுகிறவருக்கும் தேவையான புத்தகங்கள் வேறு வேறு. (அந்தச் சேலம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கிறது, நம் சேலம் இல்லை.)

படி 2: ஒரு சின்னக் காலவரிசையை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு புத்தகம் எந்த ஆண்டு வந்தது என்று பார்த்ததுமே அதில் எதை நம்பலாம், எதைச் சந்தேகிக்கணும் என்று பாதி தெரிந்துவிடும், அதற்கு இந்த வரிசை போதும்.

1486இல் ஹைன்ரிக் கிராமர் என்ற துறவி ‘மல்லெயுஸ் மலெஃபிகாரும்’ என்ற நூலை எழுதினார், சூனியக்காரிகளை எப்படிப் பிடித்து விசாரிப்பது என்று சொல்கிற நூல். சுமார் நூறு ஆண்டு கழித்து, 1584இல், ரெஜினால்ட் ஸ்காட் என்ற ஆங்கிலேயர் நேர் எதிராக ஒன்று எழுதினார்: குற்றம் சாட்டப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஏழைக் கிழவிகள், அவர்கள்மேல் சொல்லப்படுவது எதுவும் நடக்கக்கூடியதே இல்லை என்று. செப்படி வித்தைக்காரர்கள் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்றுகூட அதில் விளக்கியிருக்கிறார், அதனால் மேஜிக் கலைஞர்களும் இன்றுவரை அந்த நூலைத் தேடிப் படிக்கிறார்கள். 1692இல் சேலம் சூனிய வழக்குகள். 1735இல் பிரிட்டன் சட்டத்தை மாற்றியது: அதற்குப் பிறகு சூனியம் குற்றமில்லை, சூனிய சக்தி இருப்பதாகச் சொல்லி ஏமாற்றுவதுதான் குற்றம்.

அப்புறம் நவீன கதை. 1921இல் மார்கரெட் மர்ரே என்ற எகிப்தியல் அறிஞர், சூனிய வழக்குகளில் மாட்டியவர்கள் உண்மையில் கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஒரு பழைய மதத்தை ரகசியமாகக் காப்பாற்றி வந்தவர்கள் என்று ஒரு புத்தகம் எழுதினார். கேட்க அழகான கதை. என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவில் இந்தத் தலைப்புக்கான கட்டுரையையும் அவரே எழுதியதால், பல பத்தாண்டுகள் அது பொது அறிவாகவே பரவியது. ஆனால் 1975இல் நார்மன் கோன் என்ற வரலாற்றாசிரியர் மர்ரே காட்டிய மூலங்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். சாட்சியங்களில் நடக்கவே முடியாத பகுதிகளை வெட்டிவிட்டு, நம்பும்படி இருந்த துண்டுகளை மட்டும் மர்ரே எடுத்துப் போட்டிருந்தது வெளியே வந்தது. இன்று எந்த வரலாற்றுத் துறையும் மர்ரேயின் கொள்கையை ஏற்பதில்லை.

ஆனால் அதற்குள் அந்தக் கதையின் மேல் விக்கா என்ற ஒரு மதமே எழுந்துவிட்டது. ஜெரால்ட் கார்ட்னர் இளம் வயதில் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், பிறகு மலாயாவில் சுங்கத்துறையில் இருந்து ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பியவர். 1939இல் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ஒரு ரகசியக் குழுவில் தனக்குத் தீட்சை கிடைத்தது என்று சொன்னார். 1735ஆம் ஆண்டுச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது, 1954இல் அவருடைய ‘விட்ச்கிராஃப்ட் டுடே’ வந்தது. அதற்கு முன்னுரை எழுதியவர் யார் தெரியுமா? அதே மர்ரே. கார்ட்னரின் குழுவில் இருந்த டோரீன் வாலியன்டே சடங்குப் பாடல்களை மாற்றி எழுதி, இன்று உலகம் முழுக்கச் சொல்லப்படும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். 1960களில் ரேமண்ட் பக்லண்ட் இதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். 1999இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரொனால்ட் ஹட்டன் ‘தி ட்ரையம்ஃப் ஆஃப் தி மூன்’ எழுதி, இந்த மதம் நவீன பிரிட்டனில் எப்படி, எந்தெந்த ஓடைகள் சேர்ந்து உருவானது என்று ஆதாரத்தோடு வைத்தார். ஹட்டன் பிறந்தது நம் ஊட்டியில், 1953இல்.

இப்போது பாருங்கள். 1970களில் வந்த ஒரு செய்முறைப் புத்தகம் "இது கற்காலத்திலிருந்து அறுபடாமல் வந்த மதம்" என்று சொன்னால், அது அந்தக் காலத்தில் பலரும் நம்பியது, எழுதியவர்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. இந்த ஆண்டு வந்த புத்தகம் அதையே சொன்னால், எழுதியவர் படிக்கவில்லை என்று அர்த்தம்.

படி 3: வரலாற்றுப் புத்தகத்தைத் தேர்ந்தெடுங்கள்

தொடங்குகிறவருக்கு என் முதல் தேர்வு மால்கம் காஸ்கில் எழுதி 2010இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட சின்னப் புத்தகம், ‘வெரி ஷார்ட் இன்ட்ரொடக்‌ஷன்’ வரிசையில் வந்தது. கைக்கடக்கமானது, சில நாட்களில் முடித்துவிடலாம், அதே நேரம் எழுதியவர் துறை தெரிந்தவர். ஹட்டனின் 1999 புத்தகத்தை முதலில் எடுக்காதீர்கள், அது கனமானது, அதில் வரும் பெயர்கள் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால்தான் சுவைக்கும். அவருடைய ‘தி விட்ச்’ என்ற 2017 புத்தகம் உலகம் முழுவதும் உள்ள சூனிய பயத்தை ஒப்பிடுகிறது, இரண்டாவதாகப் படிக்க நல்லது. ஐரோப்பிய வழக்குகள் மட்டும் போதும் என்றால் பிரையன் லெவாக் 1987இல் எழுதியது கல்லூரிகளில் பாடமாக வைக்கப்படும் நூல். அது பல பதிப்புகள் கண்டிருக்கிறது, புதிய பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

இந்த வரலாற்றைப் படிக்கும்போது நம் நாட்டை மறக்க முடியாது. குழந்தை இறந்தது, மாடு செத்தது, வாய்க்கால் வரப்புச் சண்டை, தனியாக வாழும் ஒரு பெண், ஒரு வதந்தி: 17ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து வழக்கிலும் இதுதான் இருக்கும், நம் காலத்தில் ஜார்க்கண்டிலும் பீகாரிலும் டாயின் (சூனியக்காரி) என்று சொல்லிப் பெண்களைக் கொன்ற செய்திகளிலும் இதுதான் இருக்கிறது. பீகார் இதற்கென்று 1999இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. மெழுகுவர்த்தி அட்டைப் புத்தகத்தை மட்டும் படித்தால் இந்த இரத்தம் கண்ணிலேயே படாது. வரலாற்றை விடாதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

படி 4: செய்முறைப் புத்தகத்தைத் தேர்ந்தெடுங்கள்

தனியாக, குழு இல்லாமல் கற்றுக்கொள்ள ஸ்காட் கன்னிங்ஹாமின் ‘விக்கா: எ கைட் ஃபார் தி சாலிட்டரி பிராக்டிஷனர்’, 1988. எளிய ஆங்கிலம், மிரட்டல் இல்லாத தொனி. கொள்கை, பயிற்சி, பிறகு அவரே தொகுத்த ஒரு முழுச் சடங்குத் தொகுப்பு என்று பகுதி பகுதியாகப் போகும். அதற்கு முன்னால் இந்த மதத்தில் குழுவில் தீட்சை பெற்றவர்தான் உண்மையானவர் என்ற எண்ணம் பலமாக இருந்தது. தனியாளாகவும் செய்யலாம் என்ற வழியை லட்சக்கணக்கான வாசகரிடம் கொண்டுபோனது இந்தச் சின்னப் புத்தகம்தான். வரலாறு மட்டும் இதில் மெலிந்து இருக்கும், அதற்குத்தான் காஸ்கில்.

பாடத்திட்டம் மாதிரி வேண்டும் என்கிறவர்களுக்கு பக்லண்டின் 1986 புத்தகம். பெரிய நீல அட்டை, 15 பாடங்கள், ஒவ்வொரு பாடத்துக்கும் கேள்விகள். ஒழுங்காகப் படித்துத் தேர்வு எழுதிப் பழகிய நம் ஆட்களுக்கு இது பிடிக்கும். வாலியன்டேவின் ‘விட்ச்கிராஃப்ட் ஃபார் டுமாரோ’, 1978, ஆங்கிலேய மரபின் உள்ளே இருந்தவர் எழுதியது என்பதால் வேறு ஒரு சுவை. தானே தனக்குத் தீட்சை செய்துகொள்ளும் ஒரு முறையையும் அதில் கொடுத்திருக்கிறார்.

1979ஆம் ஆண்டு ஹாலோவீன் அன்று அமெரிக்காவில் இரண்டு முக்கியமான புத்தகங்கள் வெளிவந்தன. ஸ்டார்ஹாக்கின் ‘தி ஸ்பைரல் டான்ஸ்’ பெண்ணியமும் அரசியலும் கலந்த செய்முறை நூல். இதை வாங்கினால் பத்தாவது அல்லது இருபதாவது ஆண்டுப் பதிப்பாக வாங்குங்கள், ஏனென்றால் முதலில் எழுதியவற்றில் எதை இப்போது ஏற்கவில்லை, ஏன் மாற்றிக்கொண்டேன் என்று ஆசிரியரே பின்குறிப்புகளில் சொல்லியிருக்கிறார். தன் நூலைத் தானே திருத்தும் ஆசிரியர் இந்தத் துறையில் அபூர்வம், எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு. இன்னொன்று மார்கோட் ஆட்லரின் ‘டிராயிங் டவுன் தி மூன்’. இவர் வானொலிப் பத்திரிகையாளர், உளவியல் அறிஞர் ஆல்ஃபிரட் ஆட்லரின் பேத்தி. அமெரிக்கா முழுக்க இப்படி வாழ்கிறவர்களைச் சந்தித்துப் பேசி எழுதினார். செய்முறை எதுவும் வேண்டாம், இவர்கள் யார் என்று தெரிந்தால் போதும் என்கிறவர்கள் நேராக இதற்கே போகலாம்.

இத்தனையும் வேண்டாம், ஒரே ஒரு ஜோடி சொல்லுங்கள் என்றால்: காஸ்கில், கன்னிங்ஹாம்.

படி 5: வாங்குவதற்கு முன் பத்து நிமிடச் சோதனை

என் பட்டியலில் இல்லாத புத்தகம் கையில் கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள். இணையத்தில் வாங்குவதாக இருந்தால் கிண்டில் மாதிரிப் பக்கங்களை இறக்கிக்கொண்டால் போதும்.

முதலில் வரலாற்று அத்தியாயத்துக்குப் போங்கள். "90 லட்சம் பெண்கள் எரிக்கப்பட்டார்கள்" என்று இருக்கிறதா? அந்த எண் 18ஆம் நூற்றாண்டில் ஒரு ஜெர்மானியர் ஒரு சின்னப் பகுதியின் கணக்கை எடுத்து ஐரோப்பா முழுமைக்கும் பெருக்கியதில் வந்தது. இன்றைய ஆய்வாளர்கள் கொல்லப்பட்டவர்கள் சுமார் 40,000 முதல் 60,000 வரை என்கிறார்கள். அதுவே பயங்கரமான எண்தான், ஊதிப் பெருக்க வேண்டியதில்லை. சேலத்தில் எரித்தார்கள் என்று எழுதியிருந்தாலும் மூடி வைத்துவிடுங்கள்: 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒருவரைக் கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள், யாரையும் எரிக்கவில்லை. கொல்லப்பட்டவர்கள் எல்லாருமே பெண்கள் என்பதும் தவறு, ஐஸ்லாந்தில் பெரும்பாலும் ஆண்கள்தான்.

அடுத்து எட்டுப் பண்டிகைகள். விக்காவின் ஆண்டுச் சக்கரத்தில் எட்டு நாட்கள் வரும். அவற்றில் சில உண்மையிலேயே பழைய ஐரிஷ் திருநாட்கள், ஆனால் எட்டையும் சேர்த்து ஒரே வட்டமாக அமைத்தது 20ஆம் நூற்றாண்டில். இதை மறைக்காமல் சொல்கிற ஆசிரியரை நம்பிப் படிக்கலாம். புதியது என்பதால் ஒரு பண்டிகையின் பொருள் குறைந்துவிடாது, பழையது என்று பொய் சொன்னால்தான் குறையும்.

மூன்றாவது, மூலிகைப் பக்கம். இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும், ஏனென்றால் உயிர் போகிற விஷயம். பெல்லடோனா, வத்சநாபி போன்ற கொடிய நஞ்சுகள் பழைய மந்திர மூலிகைப் பட்டியல்களில் சாதாரணமாக வரும். பட்டியலில் இருப்பது தவறில்லை, பக்கத்திலேயே ‘விஷம், உட்கொள்ளக் கூடாது’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். பென்னிராயல் எண்ணெய் என்று ஒன்று, கல்லீரலைச் சிதைத்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. வாசனை எண்ணெய்களைக் குடிக்கச் சொல்கிற புத்தகம் எவ்வளவு அழகாக அச்சடித்திருந்தாலும் வேண்டாம். தூபம் போடும் குறிப்பைக்கூட, வீட்டில் ஆஸ்துமா இருப்பவர், கைக்குழந்தை, கர்ப்பிணி இருந்தால் அப்படியே செய்யாதீர்கள்.

நான்காவது, எழுதியவர் யார்? ஒரே பெயரில் சில மாதங்களுக்குள் மூலிகை, எண் கணிதம், கிரிப்டோ, கீட்டோ உணவு என்று வரிசையாகப் புத்தகங்கள் இருந்தால் அது இயந்திரம் எழுதியதாகவோ கூலிக்குக் கொட்டியதாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். 2023இல் அமேசானே, தானாக வெளியிடும் ஒருவர் ஒரு நாளில் மூன்று புத்தகத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று வரம்பு போட்டது, நிலைமையை யோசித்துப் பாருங்கள். கடைசியில் நூற்பட்டியல் இருக்கிறதா, அதில் வரலாற்றாசிரியர் ஒருவராவது இருக்கிறாரா என்றும் ஒரு பார்வை. பட்டியலே இல்லாத புத்தகத்தை முதல் புத்தகமாக எடுக்காதீர்கள்.

காதலனைத் திரும்ப வரவழைக்கும், எதிரியை முடக்கும், 21 நாளில் பணம் கொட்டும் என்று பின்னட்டையில் உத்தரவாதம் இருந்தால் அதற்கு மேல் சோதனை தேவையில்லை.

படி 6: எங்கே கிடைக்கும்?

பக்லண்ட், கன்னிங்ஹாம் இருவரையும் வெளியிட்டது லெவெல்லின் பதிப்பகம், காகித அட்டையிலும் மின்னூலாகவும் கிடைக்கும். ஆய்வு நூல்கள் விலை அதிகம். உலகில் எந்த நூலகத்தில் எது இருக்கிறது என்று வேர்ல்ட்கேட் தளத்தில் தேடலாம். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர் தெரிந்தவராக இருந்தால், வரலாறு அல்லது மானுடவியல் துறை நூலகத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

காப்புரிமை முடிந்த பழைய நூல்கள் இலவசம். இன்டர்நெட் ஆர்கைவ், சேக்ரட் டெக்ஸ்ட்ஸ் என்ற இரண்டு இணையதளங்களிலும் நிறைய இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் சூனியம் பற்றி 3,000க்கும் மேற்பட்ட நூல்களைச் சேர்த்து வைத்திருக்கிறது, அதில் ஒரு பகுதியை இணையத்தில் படிக்கலாம்.

ஆனால் இலவசத்தில் ஒரு பொறி இருக்கிறது. காசில்லாமல் கிடைப்பதெல்லாம் பழையது, அதாவது மர்ரேயின் 1921 நூல் ஒரு சொடுக்கில் வந்துவிடும், அதை மறுத்த நூல்களுக்குக் காசு கொடுக்கணும். மல்லெயுஸ் நூலும் அப்படித்தான். இணையத்தில் பரவலாகக் கிடைப்பது மான்டேக் சம்மர்ஸின் 1928 மொழிபெயர்ப்பு, அவர் சூனியக்காரிகளை உண்மையான தீய சக்தியாகவே நம்பியவர், அவருடைய முன்னுரை அந்த நம்பிக்கையோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. நல்ல மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் கிறிஸ்டோபர் மெக்கே செய்தது. ஆகவே இலவச நூல்களை இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: இரண்டையும் சேர்த்துப் படிக்கும் முறை

ஒரு நோட்டு போடுங்கள். இடது பக்கம் செய்முறைப் புத்தகம் சொல்வது, வலது பக்கம் வரலாற்றுப் புத்தகம் அதைப் பற்றிச் சொல்வது. கன்னிங்ஹாம் ஒரு சடங்கை விளக்கினால், இது எப்போதிலிருந்து இருக்கிறது, யார் எழுதியது என்ற கேள்வியை வலது பக்கம் எழுதிவைத்து, பதில் கிடைக்கிறபோது நிரப்புங்கள். பல கட்டங்கள் காலியாகவே இருக்கும், பரவாயில்லை. எந்தச் சடங்கையும் செய்து பார்ப்பதற்கு முன் முழுப் புத்தகத்தையும் ஒரு தடவை படித்து முடியுங்கள்.

படிக்கிற காலத்தில் யாராவது தீட்சைக்கு, சாபம் நீக்குவதற்கு என்று பணம் கேட்டு வந்தால் விலகிவிடுங்கள். கார்ட்னர் வழி மரபில் தீட்சைக்குப் பணம் வாங்குவதில்லை என்பது அவர்களே வைத்திருக்கும் விதி. எனக்கு யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்ற பயத்தோடு தூக்கம் கெட்டு இந்தப் புத்தகங்களைத் தேடுகிறீர்கள் என்றால், தயவுசெய்து முதலில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். புத்தகம் எங்கேயும் போகாது, பிறகு நிதானமாகப் படிக்கலாம்.

படி 8: அடுத்த சுற்று

முதல் ஜோடி முடிந்ததும் பாதை பிரியும். மனிதர்கள் ஏன் சூனியத்தை நம்புகிறார்கள் என்ற கேள்வி பிடித்திருந்தால் மானுடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சார்ட் 1937இல் ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களைப் பற்றி எழுதிய நூல். அதில் ஒரு புகழ்பெற்ற இடம்: தானியக் களஞ்சியம் சரிந்து கீழே உட்கார்ந்திருந்தவர்கள்மேல் விழுகிறது. கரையான் அரித்ததால்தான் விழுந்தது என்று அசாண்டேக்களுக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் இவர்கள் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் ஏன் விழுந்தது? அதற்கு அவர்கள் தரும் பதில்தான் சூனியம். மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாதபடி அவர்களுடைய தர்க்கத்தை அந்த நூல் திறந்து காட்டுகிறது. 1976இல் வந்த சுருக்கப் பதிப்பு போதும்.

பழைய கிராமத்து மந்திரக்காரர்கள் பக்கம் ஆர்வம் என்றால் ஓவன் டேவிஸ், அவருடைய ‘கிரிமாயர்ஸ்’, 2009, மந்திரச் சுவடிகளுக்கென்றே எழுதிய வரலாறு. இத்தாலியில் தூக்கத்தில் ஆவியாகக் கிளம்பிப்போய்ப் பயிரைக் காக்கச் சண்டை போட்டதாகச் சொன்ன விவசாயிகளின் கதை வேண்டுமென்றால் கார்லோ கின்ஸ்பர்க், 1966.

நம் பக்கத்து நம்பிக்கைகளுக்கு வர விரும்புகிறவர்கள், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1912இல் தென்னிந்திய சகுனங்கள், மந்திரங்கள் பற்றித் தொகுத்த நூலை இலவசமாகவே எடுக்கலாம். வெள்ளை அதிகாரியின் கண்ணோட்டம் பக்கத்துக்குப் பக்கம் தெரியும், ஆனால் செய்திகள் ஏராளம். ஹட்டனின் ‘ட்ரையம்ஃப் ஆஃப் தி மூன்’ நூலை இந்தச் சுற்றின் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், வாங்கும்போது 1999 பதிப்பை விட்டுவிட்டு 2019இல் திருத்தி வந்த பதிப்பைக் கேட்டு வாங்குங்கள்.